ஒரே பெயரில் இரு மூலக்கூறுகள்: சி.எல்.ஏ. மாத்திரைக் குப்பி ஒன்றின் மதிப்புரை

உடல் எடையைக் குறைக்க உதவும் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் சத்துப் பொருள்களில், சி.எல்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இணைந்த லினோலெயிக் அமிலத்தைப் போல நீண்ட அறிவியல் பின்னணி உள்ளவை மிகக் குறைவு. அந்தப் பின்னணியை நம்பித்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். அதனால் இந்தக் குப்பியைப் பயன்படுத்திய அனுபவத்தை மட்டும் எழுதுவதைவிட, லேபிளில் உள்ள வரிகளை நாற்பது ஆண்டுகளாக வெளிவந்த ஆய்வுகளுக்கு அருகில் வைத்துப் படிப்பதே வாசகருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சந்தையிலுள்ள சி.எல்.ஏ. மாத்திரைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே வகை எண்ணெயை நிரப்பியவை. ஒரு குப்பியைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் லேபிள். முன்பக்கத்தில் 1000 மில்லிகிராம் என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறது. பின்பக்கத்தைப் படித்தால் அது மாத்திரைக்குள் இருக்கும் எண்ணெயின் மொத்த எடை என்பதும், அதில் சி.எல்.ஏ. 780 மில்லிகிராம் மட்டுமே என்பதும் தெரிகிறது. எஞ்சிய பகுதி ஒலெயிக் அமிலம் உள்ளிட்ட வழக்கமான கொழுப்பு அமிலங்கள். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு 3 முதல் 4 கிராம் வரையிலான சி.எல்.ஏ. என்பதால், அந்த அளவை எட்ட இவ்வகை மாத்திரைகள் நான்கோ ஐந்தோ வேண்டும். லேபிளோ மூன்று போதும் என்கிறது. இந்தக் குறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 780 மில்லிகிராமுக்குள் எந்த மாற்றியம் (அதே அணுக்கள் வேறு அமைப்பில் சேர்ந்த வடிவம்) எவ்வளவு இருக்கிறது என்பதை லேபிளின் எந்த மூலையிலும் சொல்லாமல் விட்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அது ஏன் என்பதை விளக்கச் சிறிது வேதியியல் தேவைப்படுகிறது.

லினோலெயிக் அமிலம் 18 கார்பன் அணுக்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட கொழுப்பு அமிலம். சூரியகாந்தி, குசும்பா போன்ற விதை எண்ணெய்களில் நிறைந்திருப்பது. இதில் அவ்விரண்டு பிணைப்புகளுக்கு நடுவே ஒரு கார்பன் அணு இடைவெளியாக நிற்கும். அந்த இடைவெளி நீங்கி, இரட்டைப் பிணைப்பும் ஒற்றைப் பிணைப்பும் மாறிமாறி வரும் அமைப்பு உண்டாகும்போது அது இணைந்த லினோலெயிக் அமிலமாகிறது. பிணைப்புகள் எந்த இடத்தில் அமைகின்றன, ஒவ்வொன்றும் சிஸ் அமைப்பா (பிணைப்பின் இரு முனைச் சங்கிலிகளும் ஒரே பக்கம்) டிரான்ஸ் அமைப்பா (எதிரெதிர்ப் பக்கம்) என்பதைப் பொறுத்து இருபதுக்கும் மேற்பட்ட மாற்றியங்கள் உள்ளன. ஆயினும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டுதான். ஒன்று சிஸ்-9, டிரான்ஸ்-11. மற்றொன்று டிரான்ஸ்-10, சிஸ்-12. இனி இவற்றை 9-11 என்றும் 10-12 என்றும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

இயற்கையில் கிடைக்கும் சி.எல்.ஏ. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையிலிருந்து வருகிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்கள், குறிப்பாகப் பியூட்டிரிவைப்ரியோ ஃபைப்ரிசால்வென்ஸ், தீவனத்திலுள்ள லினோலெயிக் அமிலத்தை ஹைட்ரஜனேற்றும் வழியில் இடைநிலைப் பொருளாக 9-11 மாற்றியத்தை உண்டாக்குகின்றன. அதே வழியில் தோன்றும் வாக்சினிக் அமிலம் குடலில் உறிஞ்சப்பட்டு, பால் சுரப்பியிலுள்ள டெல்டா-9 டிசாச்சுரேஸ் என்ற நொதியால் மீண்டும் 9-11 மாற்றியமாக மாற்றப்படுகிறது. பால் கொழுப்பிலுள்ள 9-11இன் பெரும்பகுதி இந்த இரண்டாம் வழியில் வருவது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேல் பாமனும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர். பாலிலும் இறைச்சியிலும் உள்ள மொத்த சி.எல்.ஏ.வில் முக்கால் பங்குக்கும் மேல் 9-11தான். 10-12 அங்கு மிகச் சிறிதளவே இருக்கும்.

மாத்திரையிலுள்ளது அப்படிப்பட்டதன்று. குசும்பா எண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ காரத்துடன் சேர்த்துச் சூடாக்கும்போது பிணைப்புகள் இடம்பெயர்ந்து, 9-11உம் 10-12உம் ஏறத்தாழச் சம அளவில் உருவாகின்றன. எனவே இந்தக் கலவை நாம் வழக்கமாக உண்ணும் எந்த உணவின் கொழுப்பையும் ஒத்ததன்று. லேபிளில் ஒரு பசு மேயும் படம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சி.எல்.ஏ.வில் ஏறத்தாழப் பாதி எந்தப் பசுவும் கணிசமான அளவில் சுரக்காத பொருள் என்பதை நினைக்கும்போது அந்தப் படத்தைக் குறும்பு என்று சொல்வதா, ஏமாற்று என்று சொல்வதா என்று தெரியவில்லை.

சி.எல்.ஏ.வின் புகழ் தொடங்கியது எடைக்குறைப்பில் அல்ல, புற்றுநோய் ஆய்வில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரீசா, வறுத்த மாட்டிறைச்சியில் மரபணுப் பிறழ்வை உண்டாக்கும் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதே இறைச்சியின் சாற்றில் பிறழ்வைத் தடுக்கும் ஏதோ ஒன்றும் இருப்பதை 1970களின் இறுதியில் கண்டார். அந்தப் பொருள் லினோலெயிக் அமிலத்தின் இணைந்த வடிவங்கள் என்பதை அவரது குழு 1987இல் வெளியிட்டது. சுண்டெலிகளின் தோலில் வேதிப்பொருளால் கட்டிகளைத் தூண்டுவதற்கு முன் இந்த அமிலத்தைப் பூசியபோது கட்டிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்னர் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தில் க்ளெமென்ட் இப், உணவின் எடையில் 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான சி.எல்.ஏ. கொடுத்தாலே எலிகளில் பால் சுரப்பிக் கட்டிகள் குறைவதைக் காட்டினார். 1996இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு, சோதனை விலங்குகளில் புற்றுநோயை ஐயத்துக்கு இடமின்றித் தடுப்பதாகக் காட்டப்பட்ட ஒரே கொழுப்பு அமிலம் சி.எல்.ஏ. என்று எழுதியது. விளம்பரத் துண்டறிக்கைகளில் இன்றும் மேற்கோளாக வருவது அந்த வாக்கியம்தான். அதிலுள்ள 'சோதனை விலங்குகளில்' என்ற சொற்கள் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகின்றன.

எடைக்குறைப்பின் கதை 1997இல் தொடங்குகிறது. பரீசாவின் குழுவைச் சேர்ந்த பார்க்கும் மற்றவர்களும் சுண்டெலிகளின் உணவில் 0.5 சதவீதம் சி.எல்.ஏ. சேர்த்தபோது, அவற்றின் உடல் கொழுப்பு ஒப்பீட்டுக் குழுவைவிட 57 முதல் 60 சதவீதம் வரை குறைந்திருந்தது. இன்றைய சந்தை முழுவதும் இந்த எண்ணின் மேல் கட்டப்பட்டது என்றால் மிகையில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் அதே குழு, உடலமைப்பை மாற்றுவது 10-12 மாற்றியமே தவிர 9-11 அன்று என்பதையும் கண்டுபிடித்தது. ஆக, பாலிலும் இறைச்சியிலும் இருந்து வரும் நற்பெயர் ஒன்றுக்கும், கொழுப்பைக் குறைக்கும் வேலை இன்னொன்றுக்கும் உரியது. ஒரே பெயரின் கீழ் இரண்டையும் வைத்துப் பேசியதால் ஒன்றின் நற்பெயர் மற்றதற்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனை எலிகளில் அல்ல, கறவை மாடுகளில் நடந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், தூய்மைப்படுத்தப்பட்ட ஒவ்வொரு மாற்றியத்தையும் நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் மாடுகளின் நான்காம் இரைப்பைக்குள் நேரடியாகச் செலுத்தினார்கள். 10-12 செலுத்தப்பட்ட மாடுகளின் பாலில் கொழுப்பு நாற்பது சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. 9-11 செலுத்தப்பட்டவற்றில் எந்த மாற்றமும் இல்லை. ஒரே எண்ணிக்கையில் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்ட இரு மூலக்கூறுகள், பிணைப்புகளின் இடம் ஓர் அணு தள்ளிப்போனதாலும் அவற்றின் சிஸ், டிரான்ஸ் வரிசை மாறியதாலும் இவ்வளவு வேறாக நடந்துகொள்கின்றன. இதை அறிந்த பிறகும் மாற்றிய விகிதத்தை அச்சிடாத லேபிளை முழுமையானது என்று எப்படி ஏற்பது?

எலிகளில் கிடைத்த 60 சதவீதம் மனிதர்களில் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அளவு வேறு என்பதாகும். கணக்கிட்டுப் பார்க்கலாம். 25 கிராம் எடையுள்ள சுண்டெலி நாளொன்றுக்கு 4 கிராம் உணவு தின்றால், அதில் 0.5 சதவீதம் என்பது 20 மில்லிகிராம். அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம். 70 கிலோ மனிதருக்கு இதே வீதத்தில் 56 கிராம் வேண்டும். ஆனால் சிறு விலங்கின் வளர்சிதை மாற்றம் மிக வேகமானது என்பதால், மருந்தியலில் உடல் மேற்பரப்பின் அடிப்படையில் இந்த எண்ணைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்குவார்கள். அப்போது அது 4.5 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மனிதச் சோதனைகளில் கொடுத்ததும் ஏறத்தாழ இந்த அளவுதான். எனவே இன்னும் கொஞ்சம் கூடுதலாக விழுங்கினால் எலிக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்ற விற்பனையாளர் வாதத்துக்கு வலுவில்லை. விளக்கத்தை உயிரினங்களின் வேறுபாட்டில்தான் தேட வேண்டும். அந்தச் சோதனையின் எலிகள் வளரும் பருவத்தில் இருந்தவை. அவற்றில் அளவிடப்பட்டது கொழுப்பு சேராமல் போனது. குப்பியை வாங்குபவர் எதிர்பார்ப்பதோ பல ஆண்டுகளாகச் சேர்ந்த கொழுப்பு நீங்குவது.

எலிகளுக்கு நடந்ததும் முழுக்க நல்லதன்று என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், சி.எல்.ஏ. உண்ட சுண்டெலிகளின் கொழுப்புத் திசுக்களில் செல்கள் திட்டமிட்ட முறையில் மடிந்தன; கொழுப்புத் திசு ஏறத்தாழ மறைந்தது; பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் வீழ்ந்தது; இரத்தத்தில் இன்சுலின் ஏறியது; கல்லீரல் கொழுப்பேறிப் பெருத்தது. மருத்துவர்கள் கொழுப்புச் சிதைவு நோய் என்று அழைக்கும் நிலையை ஒத்தது அது. உடலின் கொழுப்புத் திசு என்பது ஒரு பண்டகசாலை. அதை இடித்துவிட்டால் சரக்கு காணாமல் போய்விடாது. தெருவில் கொட்டிக்கிடக்கும், அதாவது கல்லீரலிலும் இரத்தத்திலும். கொழுப்புச் செல் வளர்ப்பு ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 10-12 மாற்றியம், கொழுப்பைச் செல்லுக்குள் இழுக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் நொதியைத் தணிக்கிறது. கொழுப்புச் செல்லின் வளர்ச்சியை ஆளும் பி.பி.ஏ.ஆர். காமா என்ற ஏற்பியின் செயலை மட்டுப்படுத்துகிறது. செல்லுக்குள் அழற்சிச் சமிக்ஞைகளைத் தூண்டுகிறது. இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறனைக் கொழுப்புச் செல்லுக்குத் தருவதில் பெரும்பங்கு வகிப்பதும் அதே பி.பி.ஏ.ஆர். காமாதான். ஆகவே கொழுப்பு குறைவதையும் இன்சுலின் எதிர்ப்பு கூடுவதையும் விரும்பிய விளைவு, பக்கவிளைவு என்று இரண்டாகப் பிரித்துப் பேச முடியாது. இரண்டும் ஒரே வினையின் இரு முகங்கள். இந்த மாத்திரையைப் பற்றிய என் தீர்ப்பு பெரும்பாலும் இந்த ஒரு செய்தியைச் சார்ந்தே நிற்கிறது.

இனி மனிதர்கள். 2000ஆம் ஆண்டில் அதிக எடையுள்ள 60 பேரிடம் 12 வாரம் நடந்த நோர்வேச் சோதனையில், நாளொன்றுக்கு 3.4 கிராம் எடுத்தவர்களிடம் உடல் கொழுப்பு குறைந்தது. 2004இல் அங்கேயே 180 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில், மருந்துப்போலி எடுத்தவர்களைவிடச் சி.எல்.ஏ. எடுத்தவர்களின் கொழுப்பு நிறை 7 முதல் 9 சதவீதம் வரை குறைவாக இருந்தது. இதுதான் சி.எல்.ஏ.வுக்கு ஆதரவான மிகச் சிறந்த மனிதச் சான்று. முறையாக நடத்தப்பட்ட சோதனையும்கூட. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் 17 பெண்களை ஆய்வு நிலையத்திலேயே தங்கவைத்து 64 நாள் நாளொன்றுக்கு 3 கிராம் கொடுத்துக் கண்காணித்தபோது உடலமைப்பிலும் ஆற்றல் செலவிலும் எந்த மாற்றமும் தென்படவில்லை. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்த 101 பேருக்கு ஓராண்டு சி.எல்.ஏ. கொடுத்த டென்மார்க் சோதனையில், இழந்த எடை திரும்பி வருவதை அது தடுக்கவில்லை.

இப்படி முன்னும் பின்னுமாக வரும் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகளே ஓரளவு நிதானமான விடை தருகின்றன. 18 சோதனைகளைத் தொகுத்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, நாளொன்றுக்கு 3.2 கிராம் எடுத்தால் மருந்துப்போலியைவிட வாரத்துக்குச் சராசரியாக 0.09 கிலோ கொழுப்பு கூடுதலாகக் குறைகிறது என்றது. அந்தக் குறைவும் முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு மெல்ல மட்டுப்படுகிறது. ஆறு மாதமும் அதற்கு மேலும் நடந்த 7 சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்ட 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், உடல் எடை வேறுபாடு 0.7 கிலோவாகவும் கொழுப்பு நிறை வேறுபாடு 1.33 கிலோவாகவும் இருந்தன. புள்ளியியல் நோக்கில் இவை உண்மையான வேறுபாடுகள். உடல்நலத்துக்கு இவற்றால் பயனுண்டா என்பது ஐயத்துக்குரியது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நாள்தோறும் நான்கைந்து பெரிய மாத்திரைகளை விழுங்கி எட்டும் 0.7 கிலோவை, கண்ணாடி முன் நிற்பவர் காண முடியாது. எடை பார்க்கும் கருவியும் அன்றாட ஏற்ற இறக்கங்களுக்கிடையே அதைப் பிரித்துக் காட்டாது.

அந்தச் சிறு பலனுக்கு எதிரே தராசில் வைக்க வேண்டியதை உப்சாலா பல்கலைக்கழகத்தில் உல்ஃப் ரிசேரஸ் குழுவினர் அளந்தனர். வளர்சிதைக் குறைபாட்டுக் கூட்டறிகுறி கொண்ட பருமனான 60 ஆண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, தூய 10-12, இரு மாற்றியக் கலவை, மருந்துப்போலி ஆகியவற்றை 12 வாரம் கொடுத்தார்கள். 2002இல் வெளியான முடிவுகளின்படி, தூய 10-12 எடுத்தவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு 19 சதவீதம் உயர்ந்தது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் ஐசோபுராஸ்டேன் என்ற பொருள் சிறுநீரில் 578 சதவீதம் உயர்ந்தது. அழற்சியின் குறியான சி-வினைப்புரதம் 110 சதவீதம் உயர்ந்தது. கலவை எடுத்தவர்களிடம் சர்க்கரை வளர்சிதை மாற்றம் அந்த அளவு பாதிக்கப்படவில்லை. கடையில் விற்பது கலவைதானே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்தக் கலவையில் கொழுப்பைக் குறைக்க நம்பியிருக்கும் பாதி, இதே 10-12தான். நல்ல மாற்றியம் என்று பெயர் வாங்கிய 9-11உம் முற்றிலும் தப்பவில்லை. அதே குழு பருமனான ஆண்களுக்கு மூன்று மாதம் 3 கிராம் 9-11 கொடுத்தபோது இன்சுலினுக்கான உணர்திறன் 15 சதவீதம் குறைந்தது. உணவில் நாளொன்றுக்கு மில்லிகிராம் கணக்கில் வரும் பொருளைக் கிராம் கணக்கில் கொடுத்தால் அது வேறு பொருளாகவே நடந்துகொள்ளக்கூடும்.

தயாரிப்பாளர்களுக்குச் சற்றுச் சங்கடம் தரும் இன்னொரு சோதனையையும் சொல்லியாக வேண்டும். மாதவிடாய் நின்ற, இரண்டாம் வகை நீரிழிவும் உடற்பருமனும் கொண்ட பெண்களிடம் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. ஒவ்வொருவரும் 16 வாரம் சி.எல்.ஏ.வும், இடைவெளி விட்டு 16 வாரம் சாதாரணக் குசும்பா எண்ணெயும் எடுத்தார்கள். சி.எல்.ஏ. எடுத்தபோது உடல் நிறைக் குறியீடும் மொத்தக் கொழுப்பும் சற்றுக் குறைந்தன. குசும்பா எண்ணெய் எடுத்தபோது எடை மாறவில்லை. ஆனால் நடுவுடல் கொழுப்பு குறைந்து, தசை உள்ளிட்ட கொழுப்பற்ற நிறை கூடியது. வெறும்வயிற்றுச் சர்க்கரையும் இறங்கியது. இந்த மாத்திரை எந்த எண்ணெயைக் காய்ச்சி மாற்றிச் செய்யப்படுகிறதோ, மாற்றப்படாத அந்த எண்ணெயே அந்தப் பெண்களின் உடலுக்குக் கூடுதல் நன்மை செய்திருக்கிறது. சிறிய ஆய்வுதான், ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. இருந்தாலும் குசும்பா எண்ணெயிலிருந்து தயாரிக்கப்பட்டது என்று லேபிளில் பெருமையோடு அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது.

இதயநலம் பற்றிய வரியைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். முயல்களில் தமனிப் படிவுகள் குறைந்ததைக் காட்டிய 1990களின் ஆய்வுகள் உண்மை. ஆனால் 401 பேருக்கு ஆறு மாதம் 9-11 மிகுந்த சி.எல்.ஏ. கொடுத்த நெதர்லாந்துச் சோதனையில் தமனிகளின் விறைப்புத்தன்மையிலோ இரத்த அழுத்தத்திலோ எந்த மாற்றமும் இல்லை. புற்றுநோயைத் தடுக்கும் என்று இந்த லேபிள் சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

லேபிளில் டிரான்ஸ் கொழுப்பு பூச்சியம் என்ற வரி ஒன்று உண்டு. இரு மாற்றியங்களிலும் ஒரு டிரான்ஸ் பிணைப்பு இருக்க, பூச்சியம் எப்படி என்று கேட்பவருக்கான விடை சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வரையறையும் பன்னாட்டு உணவு நியமமான கோடெக்ஸின் வரையறையும், இணைந்த அமைப்பில் இல்லாத டிரான்ஸ் பிணைப்புகளை மட்டுமே டிரான்ஸ் கொழுப்பாகக் கணக்கிடுகின்றன. எனவே அந்த வரி சட்டப்படி சரி.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் தந்த கருத்தே நான் படித்தவற்றில் மிகத் தெளிவானது. சம அளவு மாற்றியங்கள் கொண்ட இருவகைச் சி.எல்.ஏ. எண்ணெய்களை ஆராய்ந்த அந்த ஆணையம், நாளொன்றுக்கு 3 முதல் 3.5 கிராம் வரை, ஆறு மாதம் வரை எடுப்பது பாதுகாப்பானது என்றது. ஆறு மாதத்துக்கு மேல் எடுப்பதன் பாதுகாப்பும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் எடுப்பதன் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்றது. அதே ஆண்டு, உடல் எடையைப் பேணுதல் உள்ளிட்ட நலன்களுக்கும் சி.எல்.ஏ.வுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறி, அவற்றை விளம்பரத்தில் சொல்லும் கோரிக்கைகளையும் ஏற்க மறுத்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு முரண் தெரியும்: கொழுப்பில் பலன் தெரிந்த மிகச் சிறந்த சோதனை ஓராண்டு நீண்டது, உறுதி சொல்லப்பட்ட பாதுகாப்போ ஆறு மாதத்துக்கு மட்டும். சி.எல்.ஏ. எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாகத் தனித்தனி நோயாளிக் குறிப்புகள் சிலவும் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன. அவை அரிதானவை; ஆயினும் எலியின் கல்லீரலில் நடந்ததை அறிந்தவர் அவற்றை எளிதாக ஒதுக்கிவிட மாட்டார்.

6 முதல் 10 வயது வரையிலான பருமனான குழந்தைகளிடமும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. சி.எல்.ஏ. எடுத்த குழந்தைகளிடம் கொழுப்பு சேர்வது சற்றுக் குறைந்தது. அதோடு எலும்பில் தாது சேர்வதும் மருந்துப்போலிக் குழுவைவிடக் குறைவாக இருந்தது. நல்ல கொலஸ்டிராலும் இறங்கியது. இந்தக் குப்பியில் குழந்தைகளுக்கு உரியதன்று என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் வாசிக்க உருப்பெருக்கி தேவைப்படும் எழுத்தில் இருக்கிறது. பாலூட்டும் தாய்மாருக்கான எச்சரிக்கையும் அப்படியே. ஒரு சிறு ஆய்வில் தாய்ப்பாலின் கொழுப்பு குறைந்தது. பின்னர் நடந்த இன்னோர் ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. கறவை மாட்டுச் சோதனையை நினைவில் வைத்திருப்பவர் இந்த விஷயத்தில் விலகி நிற்பதே அறிவுடைமை என்று ஒப்புக்கொள்வார்.

பயன்பாட்டு அனுபவம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாத்திரை பெரியது, தொண்டையில் சிக்காமல் இறங்க நிறையத் தண்ணீர் வேண்டும். ஜெலட்டின் உறை நன்றாக இருக்கிறது, ஒழுகவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் இல்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் எண்ணெய் ஏப்பமும் வயிற்று மந்தமும் வருகின்றன. உணவோடு எடுத்தால் அவை குறைகின்றன. சோதனைகளில் பங்கேற்றவர்களும் அதிகம் முறையிட்டது குமட்டல், வயிற்றுப்போக்கு, உப்புசம் ஆகியவற்றைப் பற்றித்தான். இணைந்த பிணைப்புகள் காற்றில் எளிதாக ஆக்சிஜனேற்றம் அடைபவை; ஒளி புகாத குப்பியும், எண்ணெய் கெடாதிருக்கச் சேர்த்துள்ள வைட்டமின் ஈயும் அந்த வகையில் சரியான தேர்வுகள். காபீன் போன்ற தூண்டிகள் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதும் மெய். கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் வேறு பல கலவைகளைப் போல இதயத் துடிப்பை விரட்டுவதில்லை. எடையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஒரே ஒருவரின் எடைக் கணக்கு, தொகுப்பாய்வு சொன்ன 0.09 கிலோவை உறுதிப்படுத்தவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது.

தயாரிப்புத் தரத்துக்கு ஐந்துக்கு நான்கும், லேபிளின் வெளிப்படைத்தன்மைக்கு ஒன்றும், சொன்ன பலனுக்கு ஒன்றரையும் தருவேன். நீரிழிவு உள்ளவர்கள், நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள், கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்கள் ஆகியோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடையைக் குறைக்க விரும்பி இந்த அலமாரியின் முன் நிற்பவர்களில் பலர் இம்மூன்றில் ஒன்றுக்குள் வருபவர்கள் என்பதுதான் இந்தப் பொருளின் பெரிய சிக்கல். உடல்நலத்தோடு இருப்பவர் இதை எடுத்தே தீருவேன் என்று முடிவு செய்தால், 9-11, 10-12 ஆகியவற்றின் அளவைத் தனித்தனியே காட்டும் பகுப்பாய்வுச் சான்றிதழைத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கட்டும். தொடங்குவதற்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் வெறும்வயிற்றுச் சர்க்கரை, கல்லீரல் நொதிகள், கொலஸ்டிரால் ஆகியவற்றை மருத்துவர் வழியாகப் பரிசோதிக்கட்டும். ஆறாவது மாதம் முடியும்போது நிறுத்திவிடட்டும். இந்தக் குப்பியின் தயாரிப்பாளரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டு நான் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதிலாக வந்தது அடுத்த குப்பிக்கான தள்ளுபடிக் குறியீடு.